ஆயில் எங்கே போனது? பழைய ரேடியல் விமான எஞ்சின்களில் ஒழுகலும் ஸ்டார்ட்டிங் கோளாறும்

பஸ், டிராக்டர், பைக் எஞ்சின்களைப் பிரித்துப் பழகிய ஒருவர் ரேடியல் எஞ்சினை முதன்முதலாகப் பார்க்கும்போது, வட்டமாக விரிந்து நிற்கும் சிலிண்டர்களின் ஒழுங்கைத்தான் கவனிப்பார். அந்த ஒழுங்குக்குள் ஒரு தொல்லை ஒளிந்திருக்கிறது. கிராங்க்ஷாஃப்ட் சுழலும் நடுக்கூடான கிராங்க் கேஸைச் சுற்றிச் சிலிண்டர்கள் நிற்கின்றன என்றால், அவற்றில் ஏறக்குறையப் பாதி தலைகீழாகத் தொங்குகின்றன என்றுதான் பொருள். பஸ் எஞ்சினில் சிலிண்டர் ஹெட் மேலே, ஆயில் கீழேயுள்ள சம்ப் என்ற தொட்டியில். எஞ்சின் நின்றதும் ஆயில் தன் இடத்துக்குத் தானே வடிந்துவிடும். ரேடியலில் கீழ்ச் சிலிண்டர்களின் ஹெட்டுகள் சம்ப்பைக் காட்டிலும் தாழ்வாகத் தொங்குவதால், வடிகிற ஆயில் போகக் கூடாத இடத்துக்கும் போய்ச் சேருகிறது. பழைய ரேடியல்களின் ஒழுகல்களிலும் ஸ்டார்ட் ஆகாத கோளாறுகளிலும் பெரும்பகுதியை, எஞ்சின் நின்றிருந்த நேரத்தில் ஆயிலும் பெட்ரோலும் எந்த வழியாக எங்கே இறங்கின என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அவிழ்த்துவிடலாம். ஸ்பானரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

எடுத்துக்காட்டுக்கு பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ஆர்-985 எஞ்சினை வைத்துக்கொள்வோம். 9 சிலிண்டர், 985 கன அங்குலம், அதாவது சுமார் 16 லிட்டர் கொள்ளளவு, 450 குதிரைத் திறன். பின்னாலிருந்து பார்த்தால் உச்சியில் நிற்பது 1ஆம் சிலிண்டர்; அங்கிருந்து கடிகார முள் திசையில் எண்ணினால் 5உம் 6உம் அடியில் வரும், 4உம் 7உம் அவற்றை ஒட்டிச் சாய்ந்து தொங்கும். பற்றவைப்பு வரிசை 1-3-5-7-9-2-4-6-8 என ஒன்றுவிட்டு ஒன்றாகச் செல்கிறது. நான்கு ஸ்ட்ரோக் ரேடியலில் ஒரு வரிசைக்கு ஒற்றைப்படை எண்ணிக்கையில் சிலிண்டர்களை வைப்பது இதற்காகத்தான். இந்திய விமானப்படை பயிற்சிக்குப் பயன்படுத்திய ஹார்வர்ட் விமானத்தில் இருந்தது இதைவிடப் பெரிய ஆர்-1340. டகோட்டா போக்குவரத்து விமானத்தில் இரண்டு வரிசையாக 14 சிலிண்டர் கொண்ட ஆர்-1830. 2018இல் இங்கிலாந்திலிருந்து பறந்து வந்து விமானப்படையில் சேர்ந்த விபி-905 என்ற பழைய டகோட்டாவில் இன்றும் அதே வகை எஞ்சின்கள்தான் உள்ளன. ஆகவே இது அருங்காட்சியகத்தோடு முடிந்துபோன சங்கதி அன்று.

இந்த எஞ்சின்களில் ஆயில் சம்ப்பில் சேமிக்கப்படுவதில்லை. தனி டேங்கில் இருக்கிறது. பிரஷர் பம்ப் ஒன்று டேங்கிலிருந்து ஆயிலை எஞ்சினுக்குள் தள்ளும். ஸ்கேவெஞ்ச் பம்ப் ஒன்று, சம்ப்பில் வந்து விழும் ஆயிலை உறிஞ்சித் திரும்ப டேங்குக்கு அனுப்பும். சேர்ந்த ஆயில் தேங்கிவிடக் கூடாது என்பதால் இரண்டாவது பம்பின் கொள்ளளவு முதலாவதைவிட அதிகமாக வைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் ஓடும் வரை இந்த ஏற்பாட்டில் குறையில்லை. நின்றதும் இரண்டு பம்புகளும் நின்றுவிடும், ஆனால் டேங்க் பெரும்பாலும் எஞ்சினின் அடிப்பகுதியைவிட உயரத்தில் இருக்கிறது. மேலேயுள்ள ஆயில் கீழே இறங்காமல் தடுப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு சிறிய செக் வால்வு மட்டுமே. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிணற்று மோட்டார்களில் ஃபுட்வால்வில் ஒரு சருகு சிக்கினால் குழாயிலுள்ள தண்ணீர் முழுவதும் இரவோடு இரவாக இறங்கிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை. செக் வால்வின் இருக்கையில் ஒரு துணுக்கு கரி உட்கார்ந்தால் போதும். நாலைந்து நாளில் டேங்க் ஆயிலில் கணிசமான பங்கு எஞ்சினுக்குள் குடிபுகுந்துவிடும்.

மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் சாலையில் ஒரு பயிற்சிக் கூடத்தில், ஸ்டாண்டில் ஏற்றிய ஒன்பது சிலிண்டர் எஞ்சின் ஒன்றை மாணவர்கள் இயக்கிப் பழகுகிறார்கள். பத்து நாள் விடுமுறைக்குப் பிறகு டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்த ஒரு மாணவர், "சார், டேங்க்ல ஆயில் எறங்கிருச்சு, ஊத்திரவா?" என்று கேட்டார். பஸ் பட்டறையில் இது சரியான கேள்வி. ரேடியலில் இதற்கு ஆமாம் என்று பதில் சொல்லிவிட்டால், காணாமல் போன ஆயில் எஞ்சினுக்குள்ளேயே இருக்க, அதற்கு மேல் புதிதாகவும் ஊற்றியவர்கள் ஆவோம்; எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஸ்கேவெஞ்ச் பம்ப் எல்லாவற்றையும் டேங்குக்குத் திருப்பி அனுப்ப, அது வென்ட் குழாய் வழியாகத் தரையெல்லாம் வழியும். அது நடப்பதற்கு முன்பே அதைவிடப் பெரிய விபத்தும் நடந்துவிடக்கூடும். ஆகவே ஆயில் அளவை எஞ்சின் நின்ற சிறிது நேரத்திலேயே பார்த்துக் குறித்துவைத்து, அடுத்த முறை கிளப்புவதற்கு முன் மீண்டும் பார்க்க வேண்டும். வெளியே ஒழுகலின் தடயமே இல்லாமல் அளவு இறங்கியிருந்தால் செக் வால்வின் மீதுதான் முதல் சந்தேகம். ஊற்றுவதற்கு முன் சம்ப்பைத் திறந்து வடித்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்ய ஒரு வாளியும் கால் மணி நேரமும் போதும்.

பூட்டிக்கொள்ளும் சிலிண்டர்

எஞ்சினுக்குள் இறங்கிய ஆயில் கீழ்ச் சிலிண்டர்களின் வாயில் வந்து தேங்கும். பிஸ்டனின் பின்புறத்தில் சேர்ந்த ஆயில் ரிங்குகளின் இடைவெளிகள் வழியாக மெல்லக் கசிந்து எரியறைக்குள் போய் உட்காரும். தலைகீழாகத் தொங்கும் சிலிண்டரில் மிகத் தாழ்வான இடம் அதுதான். தேய்ந்த வால்வு கைடுகள் வழியாகவும் கொஞ்சம் வரும். திரவத்தை அமுக்க முடியாது. பிஸ்டன் ஹெட்டை நோக்கி வரும்போது இரண்டு வால்வுகளும் மூடியிருந்தால், எரியறையில் எஞ்சிய இடத்தைவிடத் திரவம் அதிகமாக இருக்கும் சிலிண்டரில் பிஸ்டன் அப்படியே பூட்டிக்கொள்ளும். இதைத்தான் ஹைட்ராலிக் லாக் என்கிறார்கள்.

எவ்வளவு ஆயில் இருந்தால் பூட்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆர்-985இன் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் ஏறி இறங்கும் இடம் ஏறத்தாழ 1,790 மில்லிலிட்டர். அமுக்க விகிதம் 6:1. பிஸ்டன் உச்சத்துக்கு வரும்போது மீதமிருக்கும் இடம் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 360 மில்லிலிட்டர். டேங்கிலிருந்து அரை லிட்டருக்கும் குறைவான ஆயில் தவறான இடத்துக்குப் போய்விட்டால் போதுமானது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால், மற்ற சிலிண்டர்களில் ஒன்று பற்றிக்கொண்டு கிராங்க்ஷாஃப்டைத் தள்ள, பூட்டிய சிலிண்டரின் பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும், அல்லது ஹெட் விரிசல் விடும். ரேடியலில் ஒரு மாஸ்டர் ராடில்தான் மற்ற ராடுகள் எல்லாம் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதால், ஒரு ராடின் சேதம் ஒன்பதையும் தொடும். சற்றே வளைந்த ராட் அன்றைக்கே உடையாமல், பல மணி நேரம் ஓடிய பிறகு ஆகாயத்தில் உடைவதும் உண்டு. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பது என் கருத்து.

இதைத் தடுக்கும் வழி பழையது, எளியது: ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிப் பார்ப்பது. மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி தரும் கருவி) சுவிட்ச் ஆஃப், மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல்) கட்-ஆஃப், திராட்டில் மூடியது, சக்கரங்களுக்குக் கட்டை என எல்லாம் சரிபார்த்த பிறகும், எஞ்சின் எந்த நொடியும் பற்றிக்கொள்ளும் என்ற நினைப்போடுதான் புரொப்பெல்லர் இறக்கையைத் தொட வேண்டும். மேக்னெட்டோவை ஆஃப் செய்வது என்றால் அதன் முதன்மைச் சுற்றை எர்த் செய்வது என்று பொருள். எர்த் கம்பி எங்காவது அறுந்திருந்தால் சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். பிரைம் செய்வதற்கு, அதாவது கிளப்புவதற்காகக் கொஞ்சம் பெட்ரோலை முன்கூட்டியே உள்ளே செலுத்துவதற்கு, முன்பே இந்தச் சுழற்றலை முடித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முழுச் சுற்று வந்தால்தான் ஒன்பது சிலிண்டரும் ஒரு முறை கம்ப்ரஷனை, அதாவது அமுக்கத்தை, கடக்கும். கியர் இல்லாத எஞ்சினில் இரண்டு இறக்கை புரொப்பெல்லர் என்றால் குறைந்தது நான்கு இறக்கைகள் கையைக் கடந்து போக வேண்டும். நிதானமாக, ஓடும் திசையிலேயே சுழற்ற வேண்டும். நல்ல கம்ப்ரஷன் கைக்கு மெத்தென்று எதிர்த்து, சற்றே விட்டுக்கொடுத்து, பிறகு நழுவும். பூட்டிய சிலிண்டரோ சுவரில் முட்டியது போல் சட்டென்று நிற்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முறை கை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது.

அப்படி நின்றால் இரண்டு பேராகச் சேர்ந்து தள்ளுவதும் கூடாது, பின்பக்கமாகச் சுழற்றுவதும் கூடாது. முதலாவது ராடை வளைக்கும் என்பது எல்லோருக்கும் புரியும். இரண்டாவதுதான் ஏமாற்றுவது. பின்னோக்கிச் சுழற்றினால் பூட்டு விடுபட்டதுபோல் தோன்றும். உண்மையில் அந்த ஆயில் திறந்த இன்டேக் வால்வு வழியாக இன்டேக் பைப்பில் போய் ஒதுங்கியிருக்கும். எஞ்சினைக் கிளப்பியதும் அதே ஆயில் உறிஞ்சப்பட்டு மீண்டும் சிலிண்டருக்குள் வரும், இந்த முறை எஞ்சின் வேகத்தோடு. செய்ய வேண்டியது கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளில் சிலிண்டருக்கு ஒன்றைக் கழற்றுவது. பிளக்கின் கடைசி மரை விடும்போதே கறுத்த ஆயில் விரலைச் சுற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கும். பிளக்கை எடுத்ததும் தடித்த கயிறாகக் கொட்டிப் பிறகு இழையாக மெலியும். இழை நின்ற பின்னும் புரொப்பெல்லரை மெதுவாக இரண்டு மூன்று சுற்று சுழற்றி, மீதியையும் வெளியேற்ற வேண்டும். இன்டேக் பைப்பில் வடிகால் பிளக் இருந்தால் அதையும் திறந்து பார்ப்பது நல்லது. ஏற்கெனவே ஸ்டார்ட்டரால் சுழற்றியபோது பூட்டியிருந்தால், வடித்ததோடு வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. ராடுகள் நேராக இருக்கின்றனவா என்ற சோதனை நடந்த பிறகே அந்த எஞ்சினை மீண்டும் நம்பலாம்.

எஞ்சினை நிறுத்தும் விதத்திலும் இதற்கு ஒரு பாதி மருந்து இருக்கிறது. நிறுத்துவதற்கு முன் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று வேகத்தில் சிறிது நேரம் ஓடவிட்டால், ஸ்கேவெஞ்ச் பம்ப் கிராங்க் கேஸில் தேங்கிய ஆயிலை இழுத்துவிடும்.

கறையைப் படிப்பது

ஒழுகாத ரேடியலில் ஆயிலே இல்லை என்று மெக்கானிக்குகளிடையே ஒரு கேலி வழங்குகிறது. அதில் பாதி உண்மை உண்டு. கீழ் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து சில சொட்டுகள் விழுவதும், கிளப்பியவுடன் நீலப் புகை எழுந்து சிறிது நேரத்தில் அடங்குவதும் இயல்பே. ஆனால் அந்தக் கேலியைச் சொல்லிச் சொல்லியே, கவனிக்க வேண்டிய ஒழுகலையும் இயல்பு என்று தள்ளிவிடும் பழக்கம் வந்துவிட்டது. நேற்று எட்டுச் சொட்டு விழுந்த தட்டில் இன்று ஒரு கையளவு ஆயில் நின்றால், எஞ்சின் எதையோ சொல்கிறது.

ஒழுகல் என்றதும் துணியை எடுத்துத் துடைத்துவிடுவது எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம். துடைத்தால் சாட்சி போய்விடும். முதலில் கறையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பதால், அது கசிந்து காய்ந்த இடத்தில் நீலக் கறை விடும். அது பிரைமர் குழாயின் முனையிலோ, கார்புரேட்டரிலோ, இன்டேக் பைப் மூட்டிலோ இருக்கலாம். வெளிறிய சாம்பல் நிறப் பொடி எக்ஸாஸ்ட் கேஸ்கெட் வழியாகப் புகை தப்புவதன் அடையாளம். பழுப்பு அல்லது கறுப்பு ஈரம் ஆயில். சிலிண்டரின் அலுமினிய ஹெட்டும் எஃகு பேரலும் சேரும் மட்டத்தில், குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவே கறுப்புக் கோடு தெரிந்தால் அது வேறு வகை. அந்த மூட்டு கழன்றோ விரிசல் விட்டோ கம்ப்ரஷன் தப்புகிறது என்ற ஐயம் எழ வேண்டும். அந்த எஞ்சின் சோதனை முடியும் வரை பறக்கக் கூடாது. சிலிண்டரின் அடித்தட்டைச் சுற்றி ஈரம் கண்டால் அங்குள்ள ஸ்டட்டுகளில் ஒன்று உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதே அளவு அவசரம்.

நிறத்துக்குப் பிறகு இடம். ஓடும் எஞ்சினில் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளுகிறது, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. ஆகவே ஈரமான பகுதிகளில் மிக முன்னாலும் மிக மேலும் உள்ள புள்ளியே பெரும்பாலும் ஊற்றுக்கண். மற்றவை அதன் வழிந்தோட்டம். புரொப்பெல்லர் இறக்கைகளின் மீதே ஆயில் கோடுகள் வெளிப்புறமாக ஓடியிருந்தால், இறக்கைகள் பொருந்தும் ஹப்பின் சீல். இறக்கை காய்ந்திருந்து மூக்குப் பகுதி மட்டும் நனைந்திருந்தால் ஷாஃப்ட் சீல். குழப்பம் தீராவிட்டால் முழு எஞ்சினையும் கழுவி உலர்த்தி, சந்தேகமான மூட்டுகளில் வெள்ளைப் பவுடரை மெல்லத் தூவி, சில நிமிடங்கள் மட்டும் ஓட்டி நிறுத்திப் பார்த்தால் பவுடரில் முதல் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியும்.

ஆயில் கசியும் இடங்களில் மிகச் சாதாரணமானவை, வால்வுகளை இயக்கும் புஷ்ராட் குழாய்களின் இரு முனைகளும் ராக்கர் பாக்ஸ் மூடிகளும். குழாய் முனையிலுள்ள ரப்பர் சீல்கள் வெப்பத்தில் இறுகி விறைத்துப்போகும். அவற்றை மாற்றுவதுதான் வழி. ராக்கர் மூடியில், கசிகிறதே என்று இன்னொரு முறுக்கு முறுக்குவது நம் பட்டறைகளில் கைவந்த பழக்கம். அப்படி முறுக்கினால் மெல்லிய மூடி வளைந்து, இரண்டு நட்டுகளுக்கு நடுவே வாய் பிளக்கும். அதன் பிறகு எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் நிற்காது. மூடியைச் சமதளத்தில் வைத்துப் பார்த்து, கையேட்டில் கொடுத்த அளவுக்கு மட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஒரே சமயத்தில் நாலைந்து இடங்களில் புதிதாகக் கசிவு தொடங்கினால் கேஸ்கெட்டுகளைக் குறை சொல்வதற்கு முன் கிராங்க் கேஸின் பிரீதர் (காற்றுப்போக்கி) அடைத்திருக்கிறதா, ரிங்குகள் தேய்ந்து எரிந்த வாயு உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் ஆயில் கிடைத்த சந்திலெல்லாம் வெளியேறும்.

கிளம்பாத எஞ்சின்

ஸ்டார்ட்டிங் கோளாறில் எரிபொருள், தீப்பொறி, கம்ப்ரஷன் என்ற மூன்றையும் தேட வேண்டும் என்பது எல்லா எஞ்சினுக்கும் பொது. ரேடியலுக்கு உரிய கூடுதல் சேதி, கோளாறு எந்தச் சிலிண்டர்களில் இருக்கிறது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும் என்பது. எஞ்சின் கிளம்பி முரடாக ஓடினால், இரண்டு மேக்னெட்டோக்களில் ஒவ்வொன்றிலும் தனியாக ஓட்டிப் பார்த்து, எதில் வேகம் அதிகமாகக் குறைகிறதோ அதில் மட்டும் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, உடனே ஒவ்வொரு எக்ஸாஸ்ட் குழாயின் தொடக்கத்திலும் இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்ட வேண்டும். எரியாத சிலிண்டர் குளிர்ந்திருக்கும். குளிர்ந்தவை கீழ்ச் சிலிண்டர்களாக இருந்தால் பிளக்குகள் ஆயிலில் நனைந்திருக்கின்றன. கழற்றிச் சுத்தம் செய்து உலர்த்திப் போட்டால் பெரும்பாலும் தீரும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் குளிர்ந்து, அதன் இன்டேக் பைப் மூட்டில் நீலக் கறையும் இருந்தால் அந்த மூட்டில் காற்று நுழைகிறது. குறைந்த வேகத்தில் தடுமாறி, திராட்டிலைத் திறக்கத் திறக்கச் சீராகிவிடும் எஞ்சினும் இதே கோளாற்றைத்தான் காட்டுகிறது, ஏனெனில் திராட்டில் மூடியிருக்கும்போதுதான் பைப்பினுள் வெற்றிடம் அதிகம். வெளிக்காற்று உள்ளே புகுவதும் அப்போதுதான்.

சுழல்கிறது, ஆனால் ஒரு முறைகூடப் பற்றவில்லை என்றால் தீப்பொறியை முதலில் பார்க்கலாம். ஸ்டார்ட்டர் சுழற்றும் மெதுவான வேகத்தில் மேக்னெட்டோ தானாக நல்ல பொறி தராது. அதோடு, பிஸ்டன் உச்சத்தை எட்டுவதற்கு 25 டிகிரி வாக்கில் முன்னதாகப் பொறி விழும்படி அமைத்த எஞ்சின், அந்த வேகத்தில் பின்னுக்கு உதைக்கும். இரண்டையும் சமாளிக்கச் சில எஞ்சின்களில் இம்பல்ஸ் கப்ளிங் இருக்கிறது. அது ஸ்பிரிங்கை முறுக்கிப் பிடித்து, தாமதமாக, ஒரே வீச்சில் மேக்னெட்டோவைச் சுழற்றிவிடும். புரொப்பெல்லரைக் கையால் சுழற்றும்போது "டக்" என்று கேட்பது இதுதான். சத்தம் கேட்கவில்லை என்றால், பிசுபிசுத்த பழைய ஆயிலில் அதன் கொக்கிகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வேறு சிலவற்றில் இதற்குப் பதில் பூஸ்டர் காயில் இருக்கும்; அதன் பேட்டரி இணைப்பைப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேக்னெட்டோவிலும் ஒயர்களின் முனைகளிலும் ஈரம் கோத்துக்கொள்வதும் உண்டு.

பிரைம் செய்த பெட்ரோலில் நாலு வெடி வெடித்துவிட்டு அணைந்தால் பொறி நன்றாக இருக்கிறது, கார்புரேட்டருக்கு எரிபொருள் வரவில்லை: மிக்ஸ்சர் கட்-ஆஃபிலேயே இருக்கிறதா, எரிபொருள் அழுத்தம் ஏறியதா என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடித்தால் கலவை மெலிந்திருக்கிறது, பிரைம் போதவில்லை. கறுப்புப் புகையும், அடியிலுள்ள வடிகாலில் பெட்ரோல் சொட்டுதலும் கண்டால் பிரைம் மிஞ்சிவிட்டது. பல எஞ்சின்களில் பிரைமர் மேல் சிலிண்டர்களுக்கு மட்டுமே பெட்ரோல் தருகிறது. மிஞ்சியது சுவர்களில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே வழியும். அப்போது மிக்ஸ்சரைக் கட்-ஆஃப் செய்து, திராட்டிலை முழுவதும் திறந்து சுழற்றினால் அதிகப்படி பெட்ரோல் காற்றோடு வெளியேறும். எஞ்சின் பற்றியதும் திராட்டிலைக் குறைத்து மிக்ஸ்சரை முன்னே தள்ள வேண்டும். வேலை முடிந்ததும் பிரைமரின் பிடியைப் பூட்டவும் மறக்கக் கூடாது. பூட்டாத பிரைமர் வழியாக எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருந்தால், மெதுவாக ஓடும்போது காரணம் தெரியாத தடுமாற்றம் வரும்.

வெளிநாட்டுக் கையேடுகளில் உறைபனிக் காலத்தில் எஞ்சினைச் சூடேற்றுவதற்கென்றே பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். மதுரையில் மார்கழியிலும் அந்தப் பக்கங்களைத் திறக்க வேண்டியதில்லை. இங்கே தொல்லை தருவது வெயில். சித்திரைத் திருவிழாக் காலத்து நண்பகலில் ஓடி நின்ற எஞ்சினை அரை மணி நேரத்தில் மீண்டும் கிளப்பப் பார்த்தால், சிலிண்டர்களின் சூடு குழாய்களுக்கு ஏறி, அவற்றிலுள்ள பெட்ரோல் ஆவியாகிக் குமிழிகளாக அடைத்திருக்கும். பூஸ்டர் பம்போ கைப் பம்போ கொண்டு அழுத்தத்தை நிலைநிறுத்திக் குமிழிகளைத் தள்ளிய பிறகே சுழற்ற வேண்டும். சூடான எஞ்சினுக்குப் பிரைம் பெரும்பாலும் தேவைப்படாது. காலையில் கொடுத்த அதே அளவைப் பழக்கத்தில் கொடுத்தால் பெட்ரோல் மிஞ்சி, தீ வரைக்கும் போகும்.

கார்புரேட்டரில் தீப்பற்றினால் சுழற்றுவதை நிறுத்திவிட்டு ஓடத்தான் தோன்றும். செய்ய வேண்டியது நேர்மாறானது. ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றிக்கொண்டே இருந்தால் எஞ்சின் தீயை உள்ளே இழுத்துக்கொள்ளும், பல முறை கிளம்பியும்விடும். அதோடு அடங்காவிட்டால் மிக்ஸ்சரையும் எரிபொருள் வால்வையும் மூடி, வெளியே தயாராக நிற்பவர் கார்பன் டை ஆக்ஸைடு அணைப்பானைக் காற்று நுழைவாயில் வழியாகச் செலுத்த வேண்டும். அணைந்த பிறகு அன்றைக்கு இன்னொரு முயற்சி கிடையாது: கார்புரேட்டர், இன்டேக், ரப்பர் குழாய்கள், ஒயர்கள் எல்லாவற்றையும் உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே எஞ்சினை மறுபடி கிளப்பலாம்.